சீன மருத்துவர் ஆக என்ன படிக்கணும்? பட்டம் ஒன்றுதான், அர்த்தம் நாட்டுக்கு நாடு வேறு!

சீன மருத்துவம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மெல்லிய ஊசிகளும் கசப்பான கஷாயமும்தான். ஆனால் அந்த ஊசியைக் குத்துபவர் எத்தனை வருஷம் படித்தவர்? அவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு பெய்ஜிங்கில் ஒரு பதில், ஹாங்காங்கில் ஒரு பதில், கலிபோர்னியாவில் இன்னொரு பதில் கிடைக்கும். விவரமாகப் பார்க்கலாம்.

சீனாவில் எத்தனை ஆண்டு படிப்பு?

பல நூற்றாண்டுகளாக சீன மருத்துவம் அப்பாவிடமிருந்து மகனுக்கும், குருவிடமிருந்து சீடனுக்கும் கைமாறி வந்த தொழில். 1956-ல்தான் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய 4 நகரங்களில் அரசே சீன மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது. வைத்தியம் வகுப்பறைக்குள் வந்தது அப்போதுதான்.

இன்று அங்கே இளநிலைப் பட்டம் 5 ஆண்டுகள். நாடி பார்ப்பது, மூலிகை, அக்குபஞ்சர் ஆகியவற்றோடு உடற்கூறியல், உடலியங்கியல், நவீன பொது மருத்துவம் எல்லாம் பாடத்தில் உண்டு. நம்ம ஊர் சித்த மருத்துவப் படிப்பான பி.எஸ்.எம்.எஸ். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். கிட்டத்தட்ட அதே அளவுதான்.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. ஓராண்டு மருத்துவமனையில் பணிப் பயிற்சி முடித்து, தேசிய உரிமத் தேர்வு எழுத வேண்டும். செய்முறை ஒரு கட்டம், எழுத்துத் தேர்வு இன்னொரு கட்டம். 5 ஆண்டு படிப்போடு 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியைச் சேர்த்த '5+3' என்ற திட்டமும் இருக்கிறது. 3 ஆண்டு டிப்ளமோ படித்தவர்கள் முதலில் உதவி மருத்துவர் தேர்வைத்தான் எழுத முடியும்.

பட்டமே இல்லாமல் மருத்துவர் ஆக முடியுமா?

முடியும். 2017 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு மருத்துவரிடம் தொடர்ந்து 5 ஆண்டுகள் சீடராக இருந்து கற்றவர்கள், குறைந்தது 2 சீன மருத்துவர்களின் பரிந்துரையோடு மாகாண அளவிலான தேர்வுக்கு வரலாம். தேறினால் உரிமம் கிடைக்கும். ஆனால் எதில் திறமை காட்டினாரோ அந்த வைத்தியத்தை மட்டும்தான் செய்யலாம்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, பரம்பரை வைத்தியர்களின் கைப்பக்குவம் புத்தகத்தில் வராது, கல்லூரிக் கதவை மட்டும் திறந்து வைத்தால் அந்த அறிவு அழிந்துபோகும் என்பது. எதிர்ப்பவர்களின் கேள்வி வேறு. வயிற்று வலி என்று வரும் நோயாளிக்கு இருப்பது வெறும் அஜீரணமா, குடல்வால் அழற்சியா என்று கண்டுபிடிக்கும் பயிற்சி சீடருக்கு எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சட்டம் கதவைத் திறந்துவிட்டு, எல்லையையும் போட்டிருக்கிறது.

ஹாங்காங்கில் ஏன் இரண்டு பட்டியல்?

ஹாங்காங்கில் 1999-ல் சட்டம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களை என்ன செய்வது? ஒரே நாளில் கடையை மூடச் சொல்ல முடியாது. அதனால் 2000 ஜனவரி 3-ம் தேதி தொழிலில் இருந்தவர்கள் 'பட்டியலிடப்பட்ட' மருத்துவர்களாகத் தொடரலாம் என்று இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். புதிதாக வருபவர்கள் அங்கீகரிக்கப்பட்ட 5 ஆண்டு முழுநேரப் பட்டம் படித்து, உரிமத் தேர்வில் தேறினால்தான் 'பதிவு பெற்ற' மருத்துவர்.

பெயரில் மட்டும்தான் வித்தியாசமா? இல்லை. வேலைக்குப் போகும் நோயாளியின் சம்பளத்தையே இது தொடுகிறது. 2006 டிசம்பரிலிருந்து, பதிவு பெற்றவர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் தொழிலாளர் சட்டப்படி செல்லும். பட்டியலிடப்பட்டவர் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்த உரிமை கிடையாது.

சிங்கப்பூரில் 2000-ல் தனிச் சட்டம் வந்து பதிவு கட்டாயமானது. ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் நாடு முழுக்க ஒரே பதிவு முறை. 'சீன மருத்துவர்', 'அக்குபஞ்சர் நிபுணர்' என்ற பெயர்களைப் பதிவு இல்லாதவர்கள் போட்டுக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். சட்டப்படி கட்டாயப் பதிவு இல்லை, விருப்பப்பட்டவர்கள் தொழில்முறைச் சங்கங்களில் சேர்ந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவில் 'முதுநிலை' என்றால் என்ன?

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். அமெரிக்காவில் அக்குபஞ்சர் உரிமத்துக்கான வழக்கமான தகுதி முதுநிலைப் பட்டம். கேட்டால் சீனாவின் இளநிலையைவிடப் பெரிசு மாதிரி தெரியும். ஆனால் இதில் சேர முழு இளநிலைப் பட்டம் தேவை என்பது பொது விதி அல்ல. சுமார் 2 ஆண்டு கல்லூரிப் படிப்பு இருந்தாலே பல இடங்களில் சேரலாம். ஆக, பட்டத்தின் பெயரை வைத்து எது உயர்வு என்று கணக்குப் போட முடியாது.

விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியா 3,000 மணி நேரப் பயிற்சியைக் கேட்கிறது. அதில் 950 மணி நேரம் நோயாளிகளோடு செய்யும் கிளினிக் பயிற்சி. இது போக, தொழில்முறை முனைவர் பட்டங்களும் உண்டு. அதை வாங்கியவர் 'டாக்டர்' போட்டுக்கொண்டாலும் அவர் எம்.டி. படித்த மருத்துவர் ஆகிவிட மாட்டார்.

படிப்பின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும். உடல் எடை குறைப்புக்காகச் சீன மூலிகை கலந்த மருந்து எடுத்துக்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கும் மேல். 'ஃபாங் ஜி' என்ற மூலிகைக்குப் பதிலாக, அதே போன்ற பெயர் கொண்ட 'குவாங் ஃபாங் ஜி' சேர்ந்துவிட்டதுதான் காரணம். அது நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த, சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு கொண்ட செடி.

'ஃபூசி' என்ற வேர் இன்னொரு உதாரணம். நம்மிடம் வச்சநாபி எனப்படும் செடியின் இனம் அது. முறையாகப் பக்குவப்படுத்தாமல் கொடுத்தால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஊசியும் அப்படித்தான். மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். மூலிகை அடையாளமும் உடற்கூறியலும் பாடத்திட்டத்தில் இருப்பது மதிப்பெண்ணுக்காக இல்லை.

உலக அளவில் பொது அளவுகோல் உண்டா?

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் அக்குபஞ்சருக்கான பயிற்சி வழிகாட்டுதலை வெளியிட்டது. மருத்துவர் அல்லாதவர்களுக்கு 2,500 மணி நேர முழுப் பயிற்சி, ஏற்கெனவே நவீன மருத்துவர்களாக இருப்பவர்களுக்கு 200 மணி நேரக் குறுகிய பயிற்சி என்று அது பரிந்துரைத்தது. 2010-ல் சீன மருத்துவப் பயிற்சிக்கும் ஒரு வரையறை வந்தது. ஆனால் இரண்டுமே பரிந்துரைதான். எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது.

இந்தியாவில் 2019-ல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மகாராஷ்டிரா அதற்கென்று தனிச் சட்டமே வைத்திருக்கிறது.

நோயாளி என்ன கேட்கலாம்?

* எந்த அரசு அமைப்பில் பதிவு? பதிவு எண் என்ன? ஹாங்காங், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பதிவேட்டை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

* முழுநேரப் படிப்பா, வார இறுதி வகுப்பா? எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி?

* ஊசி சிகிச்சைக்கு மட்டும் தகுதியா, மூலிகை மருந்து கொடுக்கவும் தகுதி உண்டா? பல நாடுகளில் இரண்டும் தனித்தனி.

* ஏற்கெனவே எடுக்கும் ஆங்கில மருந்துகளைப் பற்றி அவர் விசாரித்தாரா? விசாரிக்காமல் மூலிகை எழுதிக் கொடுத்தால், சுவரில் எந்தப் பட்டம் தொங்கினாலும் யோசிக்க வேண்டியதுதான்.