வயிற்றோட்டமும் 'நல்ல கிருமி' பக்கெட்டும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மழை பிடித்துவிட்டால் தோட்டத்துப் பீலித் தண்ணி கலங்கிவிடும். மலையிலிருந்து லயத்துக்கு வரும் நீர் பல இடங்களில் சுத்திகரிக்கப்படாத நீர்தான். அந்த நாட்களில் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் மற்றக் குழந்தைகளுக்குப் பரவ நேரம் எடுக்காது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை போன்ற ஊர்களின் பசார்ப் பாமசிகளில் பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓட்டத்த நிப்பாட்ட ஏதாச்சும் தாங்க."

இதற்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்று புரொபயோட்டிக். உடலுக்கு நன்மை செய்யும் என்று கருதி உயிரோடு கொடுக்கப்படும் நுண்ணுயிர்களே இவை. லக்டோபசிலஸ் இன பக்டீரியாக்களும் சக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட்டும் அதிகம் பாவனையில் உள்ளன. குடற்சுவரில் நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இவை பிடித்துக்கொள்ளும். அமிலம் சுரந்து அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிள்ளையிடம் அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

2010இல் கொக்ரேன் அமைப்பு 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புரொபயோட்டிக் கொடுத்தவர்களுக்கு வயிற்றோட்டம் சராசரியாக ஒரு நாள் முன்னதாக நின்றதாகத் தெரிந்தது. அந்த ஆய்வுகளில் பல சிறியவை. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளியாகின. அமெரிக்க ஆய்வில் 971 குழந்தைகள். ஒரு சாராருக்கு ஒரு தடவைக்கு ஆயிரம் கோடி லக்டோபசிலஸ் வீதம், நாளுக்கு இரு தடவை, 5 நாள் கொடுத்தார்கள். மற்றச் சாராருக்கு வெறும் தூள். முதற் சாராருக்கு ஓட்டம் நின்றது சுமார் 49.7 மணித்தியாலத்தில், மற்றவர்களுக்கு 50.9 மணித்தியாலத்தில். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். கனடாவிலும் கதை அதுதான். 2020இல் கொக்ரேன் 82 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றோட்டத்தில் புரொபயோட்டிக்கால் பெரிய மாற்றம் இராது என்ற முடிவுக்கு வந்தது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க, கனேடியப் பிள்ளைகளின் போஷாக்கும் குடிநீரும் வேறு, நம் தோட்டத்துப் பிள்ளைகளுடையது வேறு. கொல்கத்தாவின் நெருக்கமான குடியிருப்புப் பகுதியொன்றில் 1 முதல் 5 வயது வரையான 3,758 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. 12 வாரம் தினமும் புரொபயோட்டிக் பானம் குடித்தவர்களிடம் வயிற்றோட்டம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் அது வருமுன் காத்தது. வந்த பிறகு குணப்படுத்தியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் போவதுதான். குடல் பழுதுபட்டிருந்தாலும் குளுக்கோசும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து போனால் குடல் அவற்றை உறிஞ்சும். தண்ணீரும் கூடவே உள்ளே போகும். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் தங்கியிருந்த பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அதே வகைக் கரைசல்தான் நம் நாட்டில் 'ஜீவனி'.

பக்கெட்டில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கலாம்" என்று பாதிப் பக்கெட் போடக் கூடாது. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லிலீட்டர், அதற்கு மேல் 100 முதல் 200 மில்லிலீட்டர், கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இதோடு சிங்க் மருந்தையும் பரிந்துரைத்தன: 6 மாதத்துக்குக் கீழ் 10 மில்லிகிராம், மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை.

இதற்கெல்லாம் மேலதிகமாக, வைத்தியர் சொல்லிக் காசும் இருந்தால் புரொபயோட்டிக் கொடுக்கலாம். சுடுதண்ணியில் கலந்தால் அந்த உயிரிகள் செத்துவிடும். சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தகரக் கூரை லயத்தில் அது முடியாத காரியம். கெப்சூலாக இருந்தால் உறையின் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள், தூளாகவும் கிடைக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. "சட்டித் தயிர் போதாதா?" என்றால், சோறு தின்னும் பிள்ளைக்கு அது நல்ல சாப்பாடு. ஆனால் ஆய்வுகளில் கொடுத்த நுண்ணுயிரும் தயிரில் உள்ளதும் ஒன்றல்ல. அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

கண் குழிவிழுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமை, மயக்கமான தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தோட்டங்களை அண்டிய பசார்களில் நம்மவர்கள் நடத்தும் கடைகளும் பாமசிகளும் நிறைய உண்டு. ஒரு தாயின் கையில் இருக்கும் காசு ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால், முதலில் ஜீவனியை எடுத்துக் கொடுத்து, கரைக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். விலை கூடிய பக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜீவனி இல்லாமல் அவள் மலையேறிப் போனால் ஆபத்து பிள்ளைக்குத்தான்.