புரை நீங்கியதும் ஏன் இவ்வளவு நீலம்?

கண்புரை அறுவை முடிந்து கட்டைப் பிரித்ததும், வெள்ளை வேட்டிகூட நீலம் பாரித்துத் தெரிகிறதே என்று சிலர் திகைப்பார்கள். சலவையில் நீலம் கூடிவிடவில்லை. குறை பழைய லென்ஸில்தான் இருந்தது.

கண் லென்ஸுக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை, கடைசிவரை புதுப்பிக்கப்படுவதில்லை. வயது ஏற ஏற அவை திரிந்து, மஞ்சளித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்குகின்றன. மஞ்சளித்த லென்ஸ் நீல ஒளியை விழுங்கிவிடும். இது பல ஆண்டுகளாக மெல்ல நடப்பதால், மூளை தன் நிறக்கணக்கைச் சரிசெய்துகொண்டே வருகிறது. வெள்ளை வெள்ளையாகவே தோன்றும்.

அறுவையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளை வழியே பழைய லென்ஸை மீயொலியால் உடைத்து உறிஞ்சி, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். நீலம் திடீரென்று பாய்கிறது. மூளையோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தவர் கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால், மறு கண்ணின் பழுப்பு பளிச்சென்று புரியும். (பார்க்காமல் இருப்பவர் யார்!)

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டார். உள்ளே பொருத்தும் லென்ஸை ஹெரால்ட் ரிட்லி 1949இல்தான் கொண்டுவந்தார். ஆகவே மோனேவுக்குத் தடித்த கண்ணாடிதான். எல்லாம் நீலமாகத் தெரிகிறதென்று எரிச்சல்பட்டு, நிறம் பூசிய கண்ணாடிகளை அணிந்து பார்த்தார்.

இன்று பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறங்கள் இயல்பாகிவிடும். சாதாரணச் செயற்கை லென்ஸ் வளைந்து கொடுக்காது என்பதால், தூரப் பார்வைக்குப் பொருத்தியவர்களுக்குச் செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.