பெடலில் இருந்து டயர் வரை: பிரேக்கை மாற்றினால் கார் சீக்கிரம் நிற்குமா?

"பிரேக் கொஞ்சம் மந்தமா இருக்கு, பெரிய டிஸ்க் போட்டுடலாமா?" காருக்கு ஆசையாகச் செலவு செய்கிறவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குள் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. மிதித்தால் பெடல் காலுக்குக் கெட்டியாகப் பட வேண்டும் என்பது ஒன்று. கார் முன்பைவிடச் சீக்கிரம் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது கிடைத்தால் இரண்டாவதும் தானாகக் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கெட்டித்தன்மை பிறக்கிற இடம் வேறு, நிற்கும் தூரம் முடிவாகிற இடம் வேறு.

எது எங்கே என்று தெரிய வேண்டுமானால், காலில் புறப்படும் விசையின் பின்னாலேயே சாலை வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வழித்துணைக்கு அடுக்களைச் சாமான்கள் போதும்.

முதலில் பெடல்: பாக்குவெட்டி

பாக்கை விரலால் நசுக்க முடியாது. பாக்குவெட்டியில் வைத்தால் சிறுபிள்ளைகூட நறுக்கிவிடும். கைப்பிடி நீளம், பாக்கு இருக்கும் இடம் கீலுக்குப் பக்கம். அதனால் கையின் விசை பல மடங்காகிப் பாக்கின் மேல் விழுகிறது. பிரேக் பெடலும் அதே அமைப்புதான். மேலே கீல், கீழே உங்கள் பாதம், கீலுக்கு அருகில் தள்ளுகம்பி. பூஸ்டர் வைத்த கார்களில் இந்தப் பெருக்கம் பெரும்பாலும் நான்கு மடங்கை ஒட்டி இருக்கும். ஆக, நீங்கள் 20 கிலோ மிதித்தால் கம்பியை 80 கிலோ தள்ளுகிறது.

அடுத்து பூஸ்டர்: ஒட்டிக்கொண்ட டிபன் மூடி

சூடான சாதத்தைப் போட்டு டிபன் பாக்ஸை இறுக மூடிவிடுங்கள். ஆறியபின் மூடி சுலபத்தில் வராது. உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது. வெளிக்காற்று மூடியை மேலிருந்து அழுத்துகிறது. பெடலுக்குப் பின்னால், இன்ஜின் அறைக்குள் தட்டை அப்பிவைத்த மாதிரி ஒரு கறுப்பு டப்பா இருக்கிறதே, அதற்குள் நடப்பதும் இதுதான். இன்ஜின் ஓடும்போது அதன் உறிஞ்சலால் டப்பாவுக்குள் அழுத்தம் குறைகிறது. நீங்கள் மிதித்தவுடன் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைந்து உள்ளே இருக்கும் தட்டைத் தள்ளுகிறது. 80 கிலோ இப்போது 320 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கார் நின்றிருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். சேர்த்துவைத்த உறிஞ்சல் தீர்ந்ததும் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். காலுக்கு இதைவிடக் கெட்டியான பெடல் வேறு கிடையாது. ஆனால் அந்த நிலையில் கார் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்துவதற்குப் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். கெட்டியான பெடல் பலமான பிரேக்குக்குச் சாட்சி இல்லை என்பது இங்கேயே தெரிந்துபோகிறது.

பிறகு மாஸ்டர் சிலிண்டர்: முறுக்கு அச்சு

பூஸ்டர் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை. முறுக்கு அச்சில் மேல்கட்டை இறங்கினால் மாவுக்கு வேறு வழியில்லை, துளை வழியாக வெளியே வந்தாக வேண்டும். இங்கே மாவுக்குப் பதில் பிரேக் ஆயில். சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 3 சதுர சென்டிமீட்டர். 320 கிலோவை அதில் வகுத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 100 கிலோ. உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 50 மடங்கு. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதியால், இதே அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு குழாய் ஒழுகினாலும் மொத்தமும் போய்விடக் கூடாது என்பதற்காக உள்ளே இரண்டு பாதைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அச்சில் மாவை இடைவெளி விட்டு அடைத்தால் என்ன ஆகும்? கட்டை இறங்கும், முறுக்கு வராது. உள்ளே இருக்கும் காற்றுதான் முதலில் சுருங்கும். பிரேக்கில் 'ஏர் லாக்' என்பது இதுதான். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இதற்குப் புதுப் பாகம் எதுவும் வேண்டாம். பிளீடிங் செய்து காற்றை வெளியேற்றினால் போதும்.

ஆயிலும் ஓஸும்: நமத்த அப்பளம், வடாம் உறை

மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போவது போல, பிரேக் ஆயிலும் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் சூடேறினால் ஆயிலுக்குள் ஆவிக்குமிழி உண்டாகும். அதுவும் காற்றைப் போலவே சுருங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, காரின் உடலில் இருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஓஸ். பிளாஸ்டிக் உறையின் மூலையை வெட்டிக் கூழ் வடாம் பிழிந்திருப்பீர்கள். அழுத்தினால் உறை கொஞ்சம் உப்பும், பிறகுதான் கூழ் இறங்கும். பழைய ரப்பர் ஓஸும் அப்படி நூலளவு உப்புகிறது. எஃகு பின்னல் போர்த்திய ஓஸ் மாட்டினால் உப்புவது குறையும், பெடல் கெட்டியாகும். மிதியை நுணுக்கமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை வரும். ஆனால் சக்கரத்துக்குப் போய்ச்சேரும் அழுத்தம் அதே 100 கிலோதான். கார் நிற்கும் தூரம் அநேகமாக மாறாது. பத்து வருட ஓஸைக் கழற்றிவிட்டு அதே ரப்பரில் புதுசு மாட்டினாலும் இந்தச் சுகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

இப்போது கேலிப்பர்: இடுக்கி

சூடான பாத்திரத்தை இடுக்கி இரண்டு பக்கமும் பிடிப்பது போல, சுழலும் டிஸ்கைக் கேலிப்பர் பிடிக்கிறது. நம் காரில் ஒரு கேலிப்பருக்கு ஒரே பிஸ்டன். அது உள்பக்க பேடைத் தள்ளும்போது கேலிப்பர் தானே நகர்ந்து வெளிப்பக்க பேடையும் இழுத்துக்கொள்ளும். பிஸ்டன் 54 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 23 சதுர சென்டிமீட்டர். நூறால் பெருக்கினால் 2300 கிலோ. 20 கிலோ மிதி இரண்டு காரின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது!

இங்கே கேலிப்பர் நகர உதவும் 'பின்' என்ற கம்பி காய்ந்து இறுகியிருந்தால் இடுக்கி கோணலாகப் பிடிக்கும். பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவினாலே பல 'மந்தமான' பிரேக்குகள் சரியாகிவிடும்.

நான்கு பிஸ்டன் கேலிப்பர் போட்டால்? நான்கு மடங்கு பலம் வராது. இரு பக்கமும் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்பதால், ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்புதான் கணக்கு. அதன் உடல் விறைப்பாக இருப்பதால் பெடல் கெட்டியாகலாம். ஆனால் அந்தப் பரப்பு பழைய பிஸ்டனைவிட அதிகமாக இருந்தால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழசு என்பதால் பெடல் முன்பைவிட ஆழமாகப் போகும். அதைச் சரிக்கட்டப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் மேலே ஏறிக் கெட்டியாகும். ஆனால் அதே அழுத்தம் வர இன்னும் பலமாக மிதிக்க வேண்டும். பலம் கூடினால் பெடல் ஆழமாகும், பெடல் கெட்டியானால் பலம் குறையும். பரப்பை மட்டும் மாற்றி இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது.

கடைசியில் டயர்: ஈரத்தரையில் துருவுமணை

பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 என்று கொள்வோம். இரண்டு முகங்களிலும் சேர்த்து 1840 கிலோ பிடி. இந்தப் பிடி சக்கர மையத்தில் இருந்து 10 சென்டிமீட்டரில் விழுகிறது. டயர் சாலையைத் தொடுவதோ 30 சென்டிமீட்டரில். எனவே சாலையில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, ஒரு முன்சக்கரத்துக்குச் சுமார் 610 கிலோ.

இதை டயர் தாங்குமா? தேங்காய் துருவும்போது எவ்வளவு பலமாக அழுத்தினாலும், மணை ஈரத்தரையில் வழுக்கினால் அந்தப் பலம் வீண். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது காரின் எடையில் முக்கால் பங்கு முன்னால் சாய்கிறது என்று வைத்தாலும், ஒரு முன்டயரின் மேல் 450 கிலோ. நல்ல காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் அதில் பத்தில் ஒன்பது பங்கு பிடிக்கும்: சுமார் 400 கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் இருந்தால் பெடல் காலடியில் 'கடகட'வென்று அதிரும்.

ஆக, கம்பெனியில் வந்த சாதாரண பிரேக்குக்கே 610 கிலோ தரச் சக்தி இருக்கிறது. டயர் ஏற்றுக்கொள்வது 400. நீங்கள் செலவு செய்து 610ஐ 800 ஆக்கலாம். டயர் கேட்பது அதே 400தான். மழையில் அதுவும் குறையும். பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான். காரை நிறுத்துவது டயர்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? தோசைக்கல்

நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் காரை ஒரு தடவை நிறுத்தினால் வரும் சூடு, ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிக்க வைக்கப் போதும். இதை மூன்று நான்கு விநாடிக்குள் டிஸ்கும் டிரம்மும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை என்றால் கவலையில்லை. ஆனால் மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்தை இறங்கினால் கணக்கு 40 லிட்டர் தண்ணீருக்குப் போகிறது. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40, கொல்லிமலையில் 70. முழுக்கப் பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடு ஆறவே நேரம் இருக்காது.

கனமான தோசைக்கல் மெதுவாகச் சூடேறும், நிறையச் சூட்டைத் தாங்கும். மெல்லிய கல் சட்டென்று காய்ந்து தோசையைக் கருக்கிவிடும். பெரிய, கனமான டிஸ்க் தருவது இந்தத் தாங்குசக்தியைத்தான். முதல் பிரேக்கில் வித்தியாசம் தெரியாது. பதினைந்தாவது பிரேக்கில் தெரியும். சூடு எல்லை மீறியதைப் பெடலே சொல்லும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேடின் பிடி போய்விட்டது. பெடல் தரைக்குப் போனால் ஆயில் கொதித்துவிட்டது.

பேடுக்கும் இதே பாடம்தான். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும்: முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடி, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடி. ஈயைவிட எஃப், எஃபைவிட ஜி உயர்வு. ஆனால் பந்தயத்துக்கான பேடை வாங்கி ஊருக்குள் ஓட்டாதீர்கள். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றிய கதைதான். சூடேறாத வரை அதற்குச் சரியான பிடி வராது.

இன்னொன்று: முன்னால் மட்டும் பெரிய பிரேக் போட்டால் முன்சக்கரங்கள் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும், பின்சக்கரங்களின் பிடி பயன்படாமல் நிற்கும். நிற்கும் தூரம் கூடவும் வாய்ப்பு உண்டு.

எனவே காசை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில், காலியான மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை முழுப்பலத்தோடு மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் அதிர்ந்தால், அது இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால், பிரேக்குக்குப் போதிய பலம் இருக்கிறது. சீக்கிரம் நிற்க வேண்டுமானால் நல்ல டயர் வாங்குங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் பேட், கேலிப்பர் 'பின்', பூஸ்டர் இவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெடல் மெத்தென்று இருந்தால் புது ஆயில், பிளீடிங், தேவைப்பட்டால் புது ஓஸ். பெரிய டிஸ்கும் கேலிப்பரும், சுமையோடு அடிக்கடி மலை இறங்குகிறவருக்கும் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவருக்கும்தான். வருடத்துக்கு ஒருமுறை ஊட்டி போகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே பாதிச் சுமையைத் தூக்கிக்கொள்ளும்.