தபசு காலமும் துக்க வீடும்

நம்ம தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயமே கூடிவிடும். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதமில்லை. முப்பத்தோராம் நாள் முடியும்வரை அந்த வீட்டில் ஆளிருக்கும். அதற்குப் பிறகு? "அழுதது போதும், மனசைத் தேத்திக்க" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். துக்கம் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு இது புதிதல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும், புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. அரநாயக்கவில் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. கும்பிட ஒரு குழிமேடுகூட இல்லாதவர்கள் எங்கே போய் அழுவார்கள்?

கிறிஸ்தவர்களின் தபசு காலம் துக்கத்துக்கு இடம் கொடுக்கும் காலம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவது, மனுசர் மண்ணுக்குத் திரும்புகிறவர் என்பதை நினைவூட்டத்தான். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்தால், 40 நாள். வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிலுவைப் பாதையில் பதின்மூன்றாம் இடத்தில், பெற்ற பிள்ளையின் உடலை மடியில் தாங்கிய தாயைப் பார்க்கிறோம். லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் நற்செய்தி. ஆகவே அழுவது விசுவாசக் குறைவு அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே சோறு இறங்காது. அவர் "நான் ஒருசந்தி" என்று சொல்லித் தட்டைத் தள்ளினால் நாம் சும்மா இருக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை கட்டாய ஒருசந்தியாக வைத்திருப்பது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கட்டாயமில்லை. வெறும் வயிற்றோடு மலையேறிக் கொழுந்து எடுத்து மயங்கி விழுவது தபசு ஆகாது.

அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்யலாம்? ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்தால், அந்தச் சோற்றை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போவோம். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசினாலே போதும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பேச விடுவோம்.

மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், "நானும் போயிடுறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

ஈஸ்டர் ஒருநாள் வரும். அதுவரை அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகாமல், ஒரு நிமிஷமாவது உள்ளே போய் வருவோம்.