நின்ற நிலையிலிருந்து தானுந்தை நகர்த்துதல்

கைமுறைப் பல்லிணைப் பெட்டி கொண்ட தானுந்து ஒன்றை, பொறி அணையாமலும் வண்டி குலுங்காமலும் ஓய்விலிருந்து ஓட்டத்திற்குக் கொண்டுவருதல் ஓட்டுநர் பயிற்சியின் முதற் பாடமாகும். இடக்கால் கிளட்ச் மிதியை மேலே விடும் அதே நேரத்தில் வலக்கால் முடுக்கி மிதியைக் கீழே அழுத்த வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு இது கடினமாகத் தோன்றும். கிளட்ச் என்பதற்குத் தமிழில் விடுபற்றி, உரசிணைப்பி ஆகிய கலைச்சொற்கள் உள்ளன. எனினும் பட்டறைகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் கிளட்ச் என்ற சொல்லே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகிறது.

கிளட்ச்சின் தேவை

மின்னோடி ஓய்விலிருந்தே சுழற்றும் ஆற்றலைத் தரக்கூடியது. உள் எரி பொறியால் அவ்வாறு இயலாது. அது தானாகச் சுழல்வதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. பெரும்பாலான தானுந்துகளில் முடுக்கியைத் தொடாத நிலையில் பொறி நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை சுழலும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் பொறி நின்றுவிடும்.

ஒரு சிறிய தானுந்தில் முதல் கியரிலும் அதன்பின் உள்ள இறுதிப் பல்லிணையிலும் சேர்த்துச் சுழற்சி வேகம் ஏறத்தாழ 14 மடங்கு குறைக்கப்படுகிறது எனக் கொள்வோம். பொறி 800 சுற்றுகள் சுழன்றால் சக்கரம் நிமிடத்திற்கு 57 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனில் வண்டியின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது முதல் கியரில் பொறியும் சக்கரமும் இறுகப் பிணைந்த நிலையில் வண்டி செல்லக்கூடிய மிகக் குறைந்த இயல்பு வேகமே வேகமான நடைக்கு ஒப்பானது. நிற்கும் வண்டியின் சக்கர வேகமோ சுழியம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள சில வினாடிகளில், ஒன்று சுழல மற்றொன்று நிற்க, இரண்டையும் வழுக்கலுடன் இணைத்து வைப்பதே கிளட்ச்சின் வேலை.

அமைப்பும் பிடிக்கும் இடமும்

பொறியின் தண்டுடன் ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரம் பொருத்தப்பட்டுள்ளது. அதற்கும் பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்தத் தட்டுக்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த கிளட்ச் தட்டு இருக்கும். இது பல்லிணைப் பெட்டிக்குள் செல்லும் தண்டைச் சுழற்றும். கால் மிதியில் இல்லாதபோது டயஃப்ரம் வில் அழுத்தத் தட்டைத் தள்ளி, மூன்றையும் ஒன்றாக இறுக்கி வைக்கிறது. மிதியை அழுத்தினால் அழுத்தத் தட்டு பின்வாங்கி, கிளட்ச் தட்டு விடுபடுகிறது.

மிதியின் முழு ஓட்டத்தில் ஒரு சிறு பகுதியில்தான் வழுக்கலுடன் கூடிய பிடிப்பு நிகழ்கிறது. அப்பகுதியின் தொடக்கத்தையே ஓட்டுநர்கள் கிளட்ச் பிடிக்கும் இடம் என்பர். அங்கே மிதியை நிறுத்தி வைப்பது ஹாஃப் கிளட்ச் எனப்படுகிறது. இந்த இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும். தட்டு தேயத் தேய ஒரே வண்டியிலும் மாறும். பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் பிறர் வண்டியில் ஏறியவுடன் ஓரிரு முறை பொறியை அணைய விடுவதற்கு இதுவே காரணம். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

சமதரையில் நகர்த்தும் முறை

கைத்தடையைப் போட்டு, கிளட்ச் மிதியை முழுவதும் அழுத்தி, முதல் கியர் இடப்படுகிறது. பின்புறம் காட்டும் கண்ணாடிகளைப் பார்த்த பின், முடுக்கியை இலேசாக அழுத்திப் பொறியின் வேகம் சற்று உயர்த்தப்படுகிறது. பிறகு கிளட்ச் மிதி பிடிக்கும் இடம் வரை விரைவாகவே விடப்படலாம். அவ்விடம் வந்ததும் பொறியின் ஒலி தாழும். வண்டியின் உடலில் ஒரு சிறு அசைவு தெரியும். அப்போது காலை அங்கேயே நிறுத்தி, கைத்தடையை விடுவிக்க வேண்டும். வண்டி உருளத் தொடங்கிய பின்னரும் ஓரிரு வினாடிகள் காலை அசைக்காமல் வைத்திருந்து, அதன்பின் மெல்ல முழுவதும் விட வேண்டும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். வண்டி நகர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் காலைச் சட்டென எடுத்துவிடுகின்றனர். அந்த நொடியில் வண்டியின் வேகம் மணிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர் மட்டுமே. கிளட்ச் முழுவதும் இறுகினால் பொறி அந்த வேகத்திற்கு இழுக்கப்பட்டு, குலுங்கி நின்றுவிடும். எனவே பயிற்சியின் முதல் நாளில், திறந்த சமதரையில் முடுக்கியைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் கொண்டு வண்டியை நகர்த்திப் பழகுவது நல்லது. டீசல் வண்டிகள் இதற்கு எளிதில் இணங்கும், ஏனெனில் குறைந்த சுழற்சியிலேயே அவற்றின் முறுக்கு விசை அதிகம். சிறிய பெட்ரோல் பொறிகளுக்குக் கூடுதல் பொறுமை தேவை.

வெப்பமும் தேய்மானமும்

பொறி அணைந்துவிடும் என்ற அச்சத்தால் முடுக்கியை மிகையாக அழுத்திக் கிளம்புவது மற்றொரு பழக்கம். இதற்கான விலை சிறிதன்று. சமதரையில் பொறியின் வேகத்தை மாறாமல் வைத்துக் கிளம்பினால், வழுக்கல் முடியும் வரை வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வண்டியின் எடை 1000 கிலோகிராம் எனில், 800 சுற்றுகளில் கிளம்பும்போது சுமார் 1500 ஜூல் வெப்பம் உண்டாகும். 3000 சுற்றுகளில் கிளம்பினால் வழுக்கல் மணிக்கு 23 கிலோமீட்டர் வரை நீடிக்கும். வெப்பம் சுமார் 21,000 ஜூல். சுழற்சி நான்கு மடங்கிற்குச் சற்றுக் குறைவாகவே கூடியது, வெப்பமோ 14 மடங்கு கூடிவிட்டது. நெரிசலில் கருகிய நாற்றம் வருவது இதனால்தான்.

உராய்வுப் பட்டைகளில் நீண்ட காலம் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் தூசி புற்றுநோய் விளைவிப்பது தெரிந்த பின் பல நாடுகள் அதைத் தடை செய்தன. பழைய வண்டிகளின் கிளட்ச்சைப் பிரிப்போர் தூசியை வாயால் ஊதுவதோ காற்றடித்து அகற்றுவதோ கூடாது.

மேட்டில் நகர்த்துதல்

ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை மீண்டும் எடுப்பதே இத்திறனின் உண்மையான சோதனை. கால் பிரேக்கை விட்டு முடுக்கிக்குச் செல்லும் இடைவெளியில் வண்டி பின்னோக்கி உருளும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், முன்னே பேருந்து நின்று பின்னே மற்றொரு வண்டி ஒட்டி நிற்கும்போது, இரண்டு அடி பின்வாங்கினாலும் மோதல்தான்.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, ஓட்டுநர் தேர்வுக்கு வருபவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் எடுத்துக் காட்ட வேண்டும் என்கிறது. அகலம் குறைந்த மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற சாலை விதியின் பின்னணியிலும் இந்தச் சிரமமே உள்ளது.

பாதுகாப்பான முறை கைத்தடையைப் பயன்படுத்துவது. கைத்தடை வண்டியைத் தாங்கி நிற்க, வலக்கால் முடுக்கியைச் சமதரையில் வேண்டியதைவிடச் சற்று அதிகமாக அழுத்துகிறது. இடக்கால் மிதியைப் பிடிக்கும் இடத்திற்குக் கொண்டுவருகிறது. பொறியின் ஒலி தாழ்ந்து, வண்டி முன்னே செல்ல முயன்று கைத்தடையால் தடுக்கப்படுவதை உணர்ந்த பிறகே கைத்தடை விடப்படுகிறது. ஒலி தாழ்வதற்கு முன்பே அவசரப்பட்டு விடுவதுதான் வண்டி பின்வாங்கக் காரணம். அவ்வாறு நேர்ந்தால் கிளட்ச்சைச் சரிசெய்ய முயலாமல் உடனே கால் பிரேக்கை அழுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரேக் இல்லாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்திருப்பதைச் சிலர் திறமையாகக் கருதுகின்றனர். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், மேற்கண்ட வண்டியை 1200 சுற்றுகளில் இவ்வாறு வைத்திருந்தால் கிளட்ச்சில் உண்டாகும் வெப்பம் சுமார் 2500 வாட். இது இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளை அந்தச் சிறிய கூட்டுக்குள் அடைத்து வைப்பதற்கு ஒப்பானது. கைத்தடை இருக்க இதற்குத் தேவையே இல்லை.

இருப்புப்பாதைக் கடவையில்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 131ஆம் பிரிவில், காவலற்ற கடவையில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்த்த பின் கடக்க வேண்டும் என்கிறது. இந்திய இரயில்வேயின் அகலப்பாதையில் காவலற்ற கடவைகள் 2019 சனவரியில் முற்றிலும் நீக்கப்பட்டன. ஆனால் காவலர் உள்ள கடவைகளிலும், திறந்தவுடன் வரிசையாக நின்ற வண்டிகள் அனைத்தும் நின்ற நிலையிலிருந்தே, பெரும்பாலும் சிறு மேட்டில், தண்டவாளத்தை நோக்கிக் கிளம்புகின்றன. எதிர்ப்புறம் தன் வண்டிக்கு இடம் இருப்பதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். முழுவதும் கடக்கும் வரை முதல் கியரிலேயே செல்வது நலம். தண்டவாளத்தின் மீது கியர் மாற்றும்போது பொறி அணையக்கூடும்.

அணைந்து, மீண்டும் இயங்க மறுத்தால், கிளட்ச்சை அழுத்தாமலேயே சாவியைத் திருப்ப இடம்தரும் வண்டிகளில் முதல் கியரை இட்டு, கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்து, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மின்னோடியே வண்டியைச் சில அடிகள் நகர்த்தும். புதிய வண்டிகள் பலவற்றில் கிளட்ச்சை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும் என்பதால் இந்த வழி இல்லை. தொடர்வண்டி வரும் அறிகுறி இருந்தால் வண்டியைக் காப்பதை விட்டு அனைவரும் இறங்கி விலக வேண்டும்.

வரலாறு

பிரான்சின் பனார்-லெவசோர் நிறுவனம் 1891இல் முன்னே பொறி, அதன்பின் கிளட்ச், பல்லிணைப் பெட்டி, பின்சக்கர உந்தம் என்ற ஒழுங்கை உருவாக்கியது. தொடக்ககால வண்டிகள் பலவற்றில் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்ச்கள் இருந்தன. அவை மென்மையாகப் பிடிப்பதற்குப் பெயர்பெற்றவை அல்ல. 1908 முதல் 1927 வரை உருவான ஃபோர்டு டி வண்டியில் முடுக்கி கைப்பிடியாக இருந்தது. இடப்புற மிதியை அழுத்தினால் தாழ்ந்த கியர் பிடிக்கும். இன்றைய ஓட்டுநர் ஒருவர் அதில் ஏறினால் கால்களின் பழக்கம் முழுவதையும் மறக்க வேண்டியிருக்கும்.

மேட்டில் பின்வாங்குவதைத் தடுக்கும் கருவி அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் வண்டிகளில் 1936இல் வந்தது. இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோவுடன் பரவிய தானியங்கு கைமுறைப் பல்லிணைப் பெட்டியிலும் உள்ளே இருப்பது இதே உலர் கிளட்ச்தான். மிதியை அழுத்துவதும் விடுவதும் மட்டும் ஓட்டுநரின் காலுக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டில் நிகழ்கின்றன.