கார் ஷெட்டில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எஞ்சியிருக்கும் பழைய தனி வீடுகளில் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அங்கே கார் இருக்காது. ஓட்டைச் சைக்கிளும் தண்ணீர் டிரம்மும் பழைய செய்தித்தாள்களுமே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உடற்பயிற்சிக் கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது நானும் என் தம்பியும் ஷெட்டை ஒழித்து, ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டாண்டு, ஓர் இரும்புத் தண்டு, சில எடைத் தட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு சிறு பயிற்சிக் கூடம் அமைத்தோம்.

பௌதிகம் கற்பிப்பவன் நான். இருந்தும் முதல் வாரத்திலேயே பௌதிகம் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

தண்டு ஏன் எகிறியது?

ஸ்டாண்டின் மேல் தண்டு கிடந்தது. இரு முனைகளிலும் இருபது இருபது கிலோ தட்டுகள். பயிற்சி முடிந்ததும் இடப்பக்கத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினேன். கடைசித் தட்டு கையில் வந்ததுதான் தாமதம், தண்டின் இடமுனை 'விர்'ரென்று மேலே எகிறி, என் காதை உரசிச் சென்று டியூப் லைட்டை நொறுக்கியது. சற்று முன்வரை அதே இடத்தில் என் நான்கு வயது மகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்!

நடந்தது என்ன? ஒரு விசை எந்த அளவுக்குத் திருப்பும் என்பது அவ்விசையை மட்டும் பொறுத்ததன்று. தாங்குபுள்ளியிலிருந்து அது செயற்படும் தொலைவையும் பொறுத்தது. இரண்டின் பெருக்கலே திருப்புத்திறன். ஏற்றப்பலகை விளையாடும் குழந்தைகளுக்கும் இது தெரியும்.

எங்கள் ஸ்டாண்டின் இரு கால்களுக்கும் இடைவெளி 90 செ.மீ. தட்டுகள் காலுக்கு வெளியே 25 செ.மீ. தள்ளி அமையும். தண்டின் எடை 8 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது வலக்காலிலிருந்து 45 செ.மீ. தொலைவில் உள்ளது. இனிக் கணக்கிடுங்கள். வலப்பக்கத் தட்டுகள் தண்டைக் கவிழ்க்க முயலும் திறன் 20 × 25 = 500. தண்டின் சொந்த எடை அதைத் தடுக்கும் திறன் 8 × 45 = 360. ஐந்நூறுக்கு முன் முந்நூற்றறுபது நிற்குமா?

ஒவ்வொரு பக்கத்திலும் பத்துக் கிலோவாக மாறி மாறிக் கழற்றியிருந்தால் விபத்தே இல்லை. வலப்பக்கம் 20 கிலோ இருக்கையில் இடப்பக்கம் 10 கிலோ மீந்திருந்தாலும் போதும். அந்த 10 கிலோ வலக்காலிலிருந்து 115 செ.மீ. தொலைவில் இருப்பதால், அது மட்டுமே 1150 அளவுக்குத் தடுக்கும். கடைசியில் ஒரு பக்கம் 10 கிலோ மட்டும் எஞ்சும்போது கவிழ்க்கும் திறன் 250தான், தண்டு அசையாது. உங்கள் ஸ்டாண்டின் அளவுகளை நாடாவால் அளந்து இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை கிலோ ஒரு பக்கம் தனித்திருக்கலாம் என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

தரை ஏன் விரிசல் விட்டது?

இரண்டாவது பாடத்தைத் தரை கற்பித்தது. 20 கிலோ டம்பெல் ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தம்பியின் கைநழுவி விழுந்தது. சிமெண்டுத் தரையில் நட்சத்திரம் போல் விரிசல் விழுந்தது. மாடியில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

விழும் பொருள் ஒரு மீட்டரில் திரட்டிய ஆற்றல் முழுவதையும் தரையில் நிற்கும் சிறு தொலைவுக்குள் இழந்தாக வேண்டும். அந்தத் தொலைவு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அதைப்போல் 500 மடங்கு. ஆகவே தரை தாங்கும் சராசரி விசையும் எடையைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு, அதாவது 10 டன்! கனமான ரப்பர் விரிப்பு ஒன்று ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது 100 மடங்காக, 2 டன்னாகக் குறைந்துவிடும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதே காரணத்தால்தான். கீழ்த்தளத்துக்கு வேண்டிய முதல் செலவு ரப்பர் விரிப்பே.

நான்கு கிலோ கர்லாக்கட்டை

இரும்பு வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து லிட்டர் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் நிரப்பினால் சுமார் 12 கிலோ எடை கிடைக்கும். அதைவிடச் சிறந்தது நம் பாட்டனார் சுழற்றிய கர்லாக்கட்டை. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு பந்தயமாகவே இருந்தது.

நான்கு கிலோ டம்பெல் இலேசாக இருக்க, அதே எடையுள்ள கர்லா ஏன் கையை வாட்டுகிறது? டம்பெல்லின் நிறை கைப்பிடியின் இருபுறமும் சமமாக உள்ளது. கர்லாவின் நிறையோ கையிலிருந்து வெகுதூரத்தில் திரண்டிருக்கிறது. சுழற்றும்போது நிறை எதிர்க்கும் அளவு தொலைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். தொலைவு இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆகவே கனத்தைப் பார்த்துக் கர்லாவை எடைபோடாதீர்கள், சிறியதில் தொடங்குங்கள்.

வியர்வையும் காற்றும்

தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது; எஞ்சியது வெப்பம். அதை வெளியேற்றுவது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வை நீரைத்தான் போக்கும், சூட்டைப் போக்காது. கடலோரமான சென்னையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அத்தகைய நாளில் தகரக் கூரை போட்ட மூடிய ஷெட்டில் பயிற்சி செய்வது அடுப்புக்குள் உட்காருவதற்கு ஒப்பாகும். கதவைத் திறந்து, எதிர்ச்சன்னலையும் திறந்து, விசிறியை உடலை நோக்கி வையுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அதே ஷெட்டில் ஸ்கூட்டர், கார், ஜெனரேட்டர் எதையும் ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆழமாக மூச்சிழுப்பவருக்கு ஆபத்து விரைவில் வரும்.

அடையாற்றுக் கரையில் வசிப்போர் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். மின் இணைப்புகளை இடுப்புக்கு மேலே அமையுங்கள். கடற்காற்றின் உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தூக்கும் முறை அறிந்து, பல ஆண்டுகள் படிப்படியாக ஏற்றிய எடை அது. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. உடற்பயிற்சி கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை என்பதற்கு அதுவே சான்று. பயிற்சி பெற்ற ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பெஞ்சில் படுத்து எடை தூக்கும்போது துணைக்கு ஒருவரை நிறுத்துங்கள்.

எங்கள் ஷெட்டின் தரையில் இப்போது சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தட்டுகளைக் கழற்றும்போது அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. அந்த விதியை அதிகாரமாக நிறைவேற்றுபவள் என் மகள்தான்.