கையெழுத்தும் காசும் – 12: நாற்பத்திரண்டு கள்ளச் செக்குகள்

இந்த வாரம் ஓடிபி விவகாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு மக்காச்சோள விவசாயி போன் பண்ணினார்.

“ஐயா, பாஸ்புக்குல என்ட்ரி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள எவனாச்சும் என் கையெழுத்தப் போட்டு செக்குல பணம் எடுத்திருந்தா, ‘நீ ஏன் பாக்கல’ன்னு பேங்க்காரங்க கைவிரிச்சிர முடியுமா?”

முடியாது. உச்ச நீதிமன்றம் 1987 ஏப்ரலிலேயே இதைத் தீர்த்துவைத்துவிட்டது. வழக்கின் பெயர் கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன். எடுத்துப் படித்தவன் இரண்டு நாளாக அதைவிட்டு வெளியே வரவில்லை.

அந்தக் கம்பெனியின் கணக்கில் செக் போட நிர்வாக இயக்குநரின் கையெழுத்து வேண்டும். செக் புத்தகமோ கணக்காளரின் பொறுப்பில். அவர் இயக்குநரின் கையெழுத்தைத் தானே போட்டுப் பணம் எடுக்கத் தொடங்கினார். ஒன்றிரண்டல்ல, 42 செக்குகள். மொத்தம் 3,26,047 ரூபாய் 92 பைசா. 1950-களின் கடைசியில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். கணக்கை எழுதியவரும் அவரேதான், அதனால் 1961 வரை யார் கண்ணிலும் படவில்லை.

பணத்தைக் கேட்டபோது வங்கி சொன்ன பதில், நம் விவசாயி பயந்த அதே பதில்: பாஸ்புக் உங்களிடம் வந்துகொண்டுதானே இருந்தது, இத்தனை வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? கீழ்க்கோர்ட்டில் தோற்று, ஹைகோர்ட்டில் தோற்று, வங்கி டெல்லி வரை போனது. அங்கேயும் தோற்றது.

தீர்ப்பின் அடித்தளம் எளிமையானது. நாம் வங்கியில் போடும் பணம், போட்ட நிமிடமே வங்கியின் பணம். அது நமக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். செக் என்பது அந்தக் கடனில் இவ்வளவை இன்னாருக்குக் கொடு என்று நாம் இடும் உத்தரவு. கையெழுத்து பொய்யென்றால் அங்கே உத்தரவே இல்லை. உத்தரவில்லாமல் வங்கி கொடுத்தது தன் பணத்தை.

கவுன்டருக்குள் இருப்பவர் உங்கள் மாதிரிக் கையெழுத்தைத் திரையில் வரவழைத்து, கையிலிருக்கும் செக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சில விநாடிகள் முழுக்க வங்கியின் பொறுப்பு. அசலை அச்சாகப் பெயர்த்த கள்ளக் கையெழுத்தாக இருந்தாலும் இழப்பு வங்கிக்குத்தான். பாஸ்புக்கைப் பார்க்காமல் விட்டது வாடிக்கையாளரின் அசட்டையாகவே இருக்கட்டும், அது ஒன்றே வங்கியைக் காப்பாற்றாது என்றது கோர்ட். மோசடி தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு. தெரியாதவரைத் தண்டிக்க முடியாது. ஏழை எளியவர் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கிளையிலும் இந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதி ஒட்டவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கையெழுத்து உங்களுடையதாகவே இருந்தால்? லண்டனில் மக்மில்லன் அண்டு ஆர்தர் என்ற நிறுவனத்தின் குமாஸ்தா, சில்லறைச் செலவுக்கு 2 பவுண்டு என்று ஒரு செக்கை நீட்டினான். எழுத்தால் எழுதும் இடம் காலி. எண்ணுக்கு இரு பக்கமும் இடைவெளி. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த பங்குதாரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். குமாஸ்தா முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0 சேர்த்து, காலி இடத்தையும் நிரப்பி 120 பவுண்டோடு மறைந்தான். 1918-இல் பிரபுக்கள் சபை, வங்கி தர வேண்டியதில்லை என்றது. உத்தரவு எழுதும்போது கவனம் நம் கடமை. இதனால்தான் தொகையை இடது ஓரத்தில் ஒட்டி ஆரம்பித்து, ‘மட்டும்’ என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுக்கச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் காகிதத்தின் சட்டம். விவசாயியின் கையில் இப்போது இருப்பது போன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி இது: உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் ஆன்லைனில் பணத்தை எடுத்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பில்லை. நான்காம் நாளிலிருந்து ஒரு பங்கு உங்கள் தலையில். ‘நீ ஏன் பார்க்கல’ என்ற அந்தப் பழைய கேள்வி இங்கே எப்படி உள்ளே வந்தது, ஓடிபியை ஏமாந்து சொல்லிவிட்டவர் கதி என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.